உள்வாங்கிய சிங்கம்

ஒரு நாணயத்தில் காணும் கோளாறு நாணயச்சாலையிலேயே நேர்ந்ததா, அல்லது வெளியே வந்த பிறகு யாரோ, எதுவோ செய்த சேதமா என்று பார்த்துச் சொல்வது, ஓய்வுபெற்ற பிறகு நான் செய்துவந்த வேலை. கூலி கிடையாது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்பதாலும், போர்ட்பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீடு பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருப்பதாலும் ஆட்கள் வந்தார்கள். இந்தக் காசு கையில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று கைப்பேசியில் எவனாவது வீடியோ போட்டால், மறுநாள் என் வாசலில் செருப்புகள் பெருகிவிடும்.

அந்த வேலையில் நான் சொன்ன ஒரு தீர்ப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பெண் தன் கணவர் செத்தாரா இருக்கிறாரா என்பதை என் வாய்ச்சொல்லில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார். நான் தவறாகச் சொன்னேன். தவறு என்று தெரிந்த பிறகும் ஒரு மழைக்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: சேதம். இங்கே காசு கெடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. உப்புக்காற்று தின்னும். மீன் விற்பவரின் ஈர டப்பாவில் கிடந்து பச்சை பூக்கும். பத்து ரூபாயின் நடுவட்டம் கழன்று விழும். வந்தவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் கேள்வி, மேடா குழியா என்பது. நாணயச்சாலையின் அச்சில் விரிசல் விழுந்தால், அந்த விரிசலுக்குள் உலோகம் பாய்ந்து காசின் மேல் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். காசை யாராவது கீறினால் குழி விழும், குழியின் இரண்டு கரையிலும் பிதுங்கிய உலோகம் விரலில் தட்டும். அடுத்தது எடை. அச்சு எப்படிப் பிசகினாலும் அது அடிக்கும் உலோக வில்லையின் எடை குறையாது. அரம் பட்டால் குறையும். கண்ணை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிழைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அச்சடித்த காசு ஒன்று கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெறும் வில்லை, அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின் மேல் போய் மோதும். அப்படிப் பிறக்கும் காசின் ஒரு பக்கம் அசோகச் சின்னத்துச் சிங்கம் எழும்பி இருக்கும். மறுபக்கம், ஒரு ரூபாய் என்று இருக்க வேண்டிய இடத்தில், அதே சிங்கம் உள்வாங்கிக் குழியாக இருக்கும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் இடவலம் மாறி இருக்கும். குழியாக இருக்கும் முகத்தை நம் மூளை குழியாகப் பார்க்க மறுக்கிறது. எழும்பிய முகமாகவே பார்க்கிறது. அதனால் காசை மெல்லச் சாய்த்தால் நடுச்சிங்கம் தலையைத் திருப்பி நம்மைத் தொடர்வது போல இருக்கும். காரணம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் முதல் தடவை அதைப் பார்த்தபோது காசைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நான் பார்த்த அந்த முதல் காசு, நானே செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காசு சேர்க்கும் நண்பர்கள் என் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். அவர்களுக்குப் போலி எப்படிப் பிறக்கிறது என்று காட்ட நினைத்தேன். பழைய, கனமான ஒரு ரூபாய்க் காசின் மதிப்புப் பக்கத்தை அரத்தால் வழித்தேன். அதன்மேல் இன்னொரு காசின் சிங்கத்தை வைத்து பெஞ்ச் வைஸ் என்ற இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினேன். இப்படி அழுத்தினால் அடியில் இருக்கும் பக்கம் நசுங்கும். போலியைக் காட்டிக்கொடுப்பது அந்த நசுங்கல்தான். நான் அடியில் ஈயத்தகட்டை வைத்து, அதிலும் சிங்கத்தின் வடிவத்தை முன்பே பதித்து, நசுங்காமல் பார்த்துக்கொண்டேன். பல காசுகள் பாழாகி, ஒன்று தேறியது. பாடம் நடத்த அவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. என்னால் முடியுமா என்று பார்க்கத்தான் செய்தேன்.

நண்பர்கள் ஏமாந்தார்கள். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற மலையாளி ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரே, நிங்கள் வாத்தியார் வேலைக்குப் போய் வாழ்க்கைய வீணாக்கியாச்சு. இந்தத் தொழில் பண்ணியிருந்தா இப்ப ஹேவ்லாக்ல ரிசார்ட் இருக்கும். இல்லேங்கில் ஜெயில்ல சாப்பாடு," என்றார். சிரித்தோம். காசை ஒரு சிறு பெட்டியில் போட்டு வைத்தேன். போட்டு வைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா வந்தது வேறொரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் எல்லோரும் இருந்த நேரம். வெளியே சாம்பல் நிற வெளிச்சத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மகள் கூட வந்திருந்தார். கராச்சர்மாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவர். அம்மா இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் கட்டி, சுனாமிக்குப் பிறகு போர்ட்பிளேர் முகாமுக்கு வந்தவர். இதையெல்லாம் மகள் சொன்னார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து நீட்டினார்.

"சார், இது மிசின்ல ஆனதா, ஆள் பண்ணுனதா? அத மட்டும் சொல்லுங்க. விக்கிறதுக்கு வரல்ல."

"எல்லாரும் இதுதான் சொல்லும் அம்மா," என்றார் எஞ்சினியர். "பின்னே மெதுவா கேக்கும், எத்தன லட்சம்னு."

"லட்சத்த நீங்க வச்சிக்கங்க ஐயா. இது எங்க வீட்டுக்காரரு காசான்னு எனக்கு மாலூம் ஆகணும்."

அவர் கணவரிடம் அப்படி ஒரு காசு இருந்ததாம். சம்பளத்தில் வந்தது. கடைக்காரர் வாங்க மறுத்ததால் அதை மடியிலேயே முடிந்து வைத்திருந்தாராம். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, சிங்கம் உன்னையே பார்க்கிறது என்று மகளைப் பயமுறுத்துவாராம். சுனாமி வந்த காலையில் கடல் பின்னால் போனபோது, தரையில் துள்ளிய மீனைப் பொறுக்க எல்லோரோடும் இறங்கிப் போனவர், காசு மடியிலேயே இருக்க, திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. இப்போது, இத்தனை வருடம் கழித்து, மீன் வாங்கிய இடத்தில் மீதிச் சில்லறையோடு சிங்கம் வந்து அவர் உள்ளங்கையில் விழுந்திருக்கிறது.

வாங்கிப் பார்த்தேன். சிங்கம் உள்வாங்கியிருந்தது. திருப்பினேன். மறுபக்கம் துளி நசுங்கல் இல்லை. எத்தனையோ வருடம் படத்தில் மட்டும் பார்த்த அபூர்வம் கடைசியில் என் வீடு தேடி வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். என் கையால் செய்ததை என் கண் அறியவில்லை. இதை இன்று யாரும் நம்பமாட்டார்கள், நானே சில நாட்கள் நம்புவதில்லை. ஆனால் புழக்கத்தில் பல கை மாறி அதன் மினுக்கு போயிருந்தது. அதோடு, அது அபூர்வமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

"எடை போடல்லே சாரே?" என்றார் எஞ்சினியர்.

தராசு பக்கத்து அறை அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான்.

"இதுக்கு எதுக்கு எடை? கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன். பிறகு அந்த அம்மாவிடம், "பக்கா. மிசின்ல ஆனதுதான். இந்த மாதிரி இன்னொண்ணு இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது," என்றேன்.

"அப்ப அவரோடதுதான்," என்றார் அவர், மெதுவாக.

மகள் அவசரமாக, "கடல்ல கெடந்து எங்கயாச்சும் ஒதுங்கியிருக்கும்மா. யாராச்சும் பொறுக்கியிருப்பாங்க," என்றார்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். "கடல்ல கெடந்த காசு இப்படி இருக்காது," என்றேன். "அரிச்சுப் போயிருக்கும். இது இத்தனை நாளும் மனுஷங்க கையில இருந்த காசு."

கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் உண்மை. அதுதான் அதிகக் கேடு செய்தது.

அந்த அம்மா காசைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டார். "மடியில இருந்த காசு கைக்கு வந்திருக்குன்னா, மடிய அவுத்துக் குடுத்தது யாரு?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, மழையில் இறங்கிப் போனார்.

சில வாரங்கள் கழித்து மகள் மட்டும் வந்தார். வருடா வருடம் ஆடி அமாவாசையில் அப்பாவுக்குப் படையல் போடுவது வழக்கம் என்றும், இந்த வருடம் அம்மா போடவிடவில்லை என்றும் சொன்னார். இருக்கிற ஆளுக்கு எதற்குப் படையல் என்று சட்டியைக் கவிழ்த்துவிட்டாராம். பிற்பகலில் கராச்சர்மாவிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, பாலத்தில் நடந்து சாத்தம் தீவின் ஜெட்டிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். எதிர்க்கரை பம்பூஃபிளாட்டிலிருந்து வரும் போட்டில் இறங்குகிறவர்களைப் பார்க்க.

"அப்பா நடை அம்மாவுக்குத் தெரியுமாம் சார். ஒருத்தர் இறங்கி மரம் அறுக்கிற மில் பக்கமாப் போறாராம். திரும்பிப் பாலத்துல வர்றதே இல்லையாம்."

"யாராவது வேலைக்காரரா இருக்கும்மா."

"நானும் அதத்தான் சார் சொன்னேன். இப்ப வீட்லயும் பேசுது. தனியா பேசுறவங்கள நான் பாத்திருக்கேன், நிறுத்தாம பேசுவாங்க. அம்மா அப்படி இல்ல. பேசுது, நிறுத்துது, மறுபடி பேசுது. நிறுத்துற நேரம் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி இருக்கு. சின்ன பதிலுக்குச் சின்னதா, பெரிய பதிலுக்குப் பெரிசா. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன் சார். நடுவுல அம்மா சிரிச்சுது பாருங்க, எனக்கு அந்தச் சிரிப்புக்கு முன்னால யாரோ என்னமோ சொன்ன மாதிரியே இருந்துச்சு."

அவர் போன பிறகுதான், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, போலிகளைப் போட்டு வைத்த பெட்டியைத் திறந்தேன். பாழான காசுகள் எல்லாம் இருந்தன. தேறிய ஒன்று மட்டும் இல்லை. மேசைமேல் விட்டிருப்பேன், சில்லறையோடு அள்ளிச் சட்டைப்பையில் போட்டிருப்பேன், மீனுக்குக் கொடுத்திருப்பேன். நானும் அந்த அம்மாவும் ஒரே ஊர்ச் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எஞ்சினியரின் சிரிப்புக்குத்தான் பயந்தேன். நான் சொன்னதை இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். தன் கைவேலையைத் தானே அசல் என்று சொன்ன நிபுணன் என்று ஊர் முழுக்கப் பரவும். இந்த ஒன்றுக்காகத்தான் ஒரு மழைக்காலத்தைக் கழித்தேன்.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல் நானே சாத்தத்துக்குப் போனேன். மரமில்லிலிருந்து ஈரமான படாக் மரத்தூளின் வாசம் வந்தது. கடல் அசையாமல், தகரம்போலக் கிடந்தது. ஜெட்டியில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். போட் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஸ்கூட்டர்கள் இறங்கின, சத்தம் அடங்கியது. அவர் பேச ஆரம்பித்தார். எனக்குச் சொற்கள் எட்டவில்லை. நிறுத்தங்கள் மட்டும் கேட்டன. அந்த நிறுத்தங்களில் அவர் தலை மெல்லச் சாய்ந்து, மரமில் பக்கமிருந்து பெஞ்ச் வரை எதையோ பின்தொடர்ந்தது, நடந்துவரும் ஆளைப் பார்ப்பது போல. பிறகு கண் உயரம் தாழ்ந்தது, வந்தவர் உட்கார்ந்துவிட்டது போல. வீடு போய்ச் சேரும்வரை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை விட்ட பிறகு மகள் மறுபடி வந்தார். முகம் வற்றியிருந்தது.

"அப்பா கூப்பிடுறாராம் சார். போட்ல ஏறி வந்துருங்கிறாராம். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காம் அம்மா." அவருக்கே சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாக மாறியது. "அது போட் ஏறினா எங்க இறங்கும் சார்? தண்ணியிலதான இறங்கும். நீங்க சொன்னாத்தான் கேக்கும். அந்தக் காசு அப்பாவோடது இல்லன்னு சும்மாவாச்சும் சொல்லுங்க. ஒரு பொய் சொல்லுங்க சார்."

பொய் சொல்ல வேண்டியதில்லை என்று அப்போதும் நான் அவரிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

தராசையும் லென்ஸையும், அதே பழைய வகையில் நல்ல ஒரு ரூபாய்க் காசு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் பிற்பகல் சாத்தம் போனேன். போட் இன்னும் வரவில்லை. பெஞ்சில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாங்க சார். டீ குடிச்சீங்களா?" என்றார்.

"அம்மா, அந்தக் காசைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தார். தராசைப் பெஞ்சில் வைத்து நல்ல காசைப் போட்டேன். எடுத்துவிட்டுச் சிங்கத்தைப் போட்டேன். எண் இறங்கியது. லென்ஸில் பார்த்தேன். சிங்கத்தின் பிடரிக் குழிக்கு வெளியே, சமதளத்தில், ஒரே திசையில் ஓடும் மெல்லிய அரக்கோடுகள் இருந்தன. என் கை எப்போதும் சற்று இடப்பக்கம் சாயும். கோடுகளும் அப்படியே சாய்ந்திருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். அரம், வைஸ், ஈயத்தகடு, பெட்டி, மீன் கடை. எடை போடாமல் சொன்னதைச் சொன்னேன். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்ததையும், எதற்குப் பயந்தேன் என்பதையும் சொன்னேன்.

"நீங்க பண்ணுனதா? உங்க கையாலயா?"

"ஆமாம்மா."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க," என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"மன்னிச்சிருங்க."

அவர் காசை எடுத்து என் பக்கமாக நகர்த்தினார். "எனக்கு இது முன்னாலயே சந்தேகந்தான் சார். மொத நாளே இத எடுத்து அவருகிட்ட காட்டினேன். அவரு பாக்கவே இல்ல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் விடல்ல, தெனமும் காட்டினேன். என்னமோ கோவம்னு நெனச்சேன். அவரோட காசு இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. உங்கள மாதிரி தராசெல்லாம் வேண்டியிருக்கல்ல."

வெயில் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், யாரோ கைப்பேசியில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, காசே பொய்யின்னா..." என்று ஆரம்பித்தேன்.

"காசு பொய்தான் சார். தீக் ஹை. நீங்க வந்து சொன்னீங்க, அது போதும். நான் ஒண்ணும் காசப் பாத்து அவர அடையாளம் கண்டுக்கல்ல." மகளை நினைத்தோ என்னவோ, தொடர்ந்தார்: "அவ பயந்து கெடக்கா, இல்ல? போட் ஏறமாட்டேன்னு சொல்லுங்க. நேத்தே அவருகிட்ட சொல்லிட்டேன். புள்ளய விட்டுட்டு நான் எங்கயும் வர்றதா இல்லன்னு. மொதல்ல ஒண்ணும் பேசல்ல. பொறவு, சரி, அப்ப நானே இங்க வந்துர்றேன்னாரு."

போட்டின் ஹாரன் கேட்டது. மறுகரையிலிருந்து அது கிளம்பி வருவது தெரிந்தது. அவர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். நான் தராசைப் பைக்குள் வைத்தேன். கயிறு வீசப்பட்டது, ஆட்கள் இறங்கினார்கள், இரும்புப் பலகை அதிர்ந்து அடங்கியது. கூட்டம் பாலத்தை நோக்கிப் போனது. மரமில் பக்கம் யாரும் போகவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன். யாரும் போகவில்லை.

அவர் முகம் அந்தப் பக்கமிருந்து மெல்லத் திரும்பி வந்தது. என்மேல் வந்து நின்றது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்," என்றார்.

நான் தள்ளி உட்கார்ந்தேன்.